சலாலாவில் இன்னும் இறங்காத கேப்டன் வால்டர்

இன்று ராயபுரத்தில் ஒரு கேப்டனைச் சந்தித்தேன், மக்களே! தூத்துக்குடிக்கு மட்டும் இருநூறு தடவைக்கு மேல் விமானம் ஓட்டிப் போனவர். ஆனால் இதுவரை ஒரு விமானத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை! பெயர் வால்டர். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஆபரேட்டர். அவர் கதையைக் கேளுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு உதவி கேட்கவேண்டியிருக்கிறது, அதனால் பாதியில் ஓடிவிடாதீர்கள்.

வால்டரின் வேலை ஏணியில் தொடங்குகிறது. ஏழெட்டு மாடி உயரம் ஏறினால் மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு. சுவரும் கண்ணாடி, தரையும் கண்ணாடி. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவே குனிந்து, கீழேயே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். ஏறிவிட்டால் ஷிப்ட் முடியும்வரை இறங்குவதற்கு வழியில்லை, கீழே டிரெய்லர்கள் வாலைப் பிடித்த மாதிரி நின்றுகொண்டே இருக்கும். கழுத்து பிடித்துக்கொள்ளும், இடுப்பு மரத்துப்போகும். சிங்கப்பூர் போகிற பெட்டி, ஹாம்பர்க் போகிற பெட்டி, மொம்பாசா போகிற பெட்டி, எல்லாமே அவர் கைவழியாகத்தான் கப்பலுக்குப் போகின்றன.

"வானத்துல குந்திகினு தரையவே பாத்துகினு கீறேன் பா. எல்லாப் பொட்டியும் ஊரு போவுது, நான் மட்டும் இங்கியே கீறேன்" என்று சிரிப்பார். சிரிக்கும்போது கையால் பிடரியைத் தேய்த்துக்கொள்வார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெட்டியை டமால் என்று வைத்துவிடுவாராம். உடனே வாக்கிடாக்கியில் சூப்பர்வைசர் குரல் வரும்: "யோவ் வால்டரு, பொட்டி வெச்சியா, குண்டு போட்டியா?" திட்டு வாங்கி வாங்கியே கை பழகிவிட்டது. இப்போது பெட்டியை ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி, ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து, பிறகு பூனை உட்காருகிற மாதிரி உட்காரவைப்பார். இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே யார்டில் பக்கத்துக் கிரேனில் இருந்தவன் ஃபவாஸ், வால்டரின் உயிர் தோஸ்து. இரண்டு பேருக்கும் ஓமன் நாட்டில் சலாலா துறைமுகத்தில் கிரேன் வேலை கிடைத்தது. பாஸ்போர்ட்டில் விசா விழுந்தது. வால்டர் புதிதாக ஒரு சூட்கேஸ்கூட வாங்கிவிட்டார். கிளம்புவதற்கு முந்தைய வாரம் அவருடைய அப்பா யேசுதாஸ் பாத்ரூமில் விழுந்தார். வலது பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டது, பேச்சும் போய்விட்டது.

ஃபவாஸ் தனியாகத்தான் போனான். போகிற நாளில் தன்னுடைய கேம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டுவந்து வால்டர் வீட்டில் வைத்தான்.

"இத்த நீ வெச்சுக்க மாமு. இதுல பிளேன் ஓட்டுற கேம் கீது. பேஜாரா இருந்துச்சுன்னா ஓட்டிகினு வந்துடு, நான் ஏர்போர்ட்டுல நிக்கிறேன்."

ஃபவாஸ் விளையாட்டாகத்தான் சொன்னான். வால்டர் அதைப் பிடித்துக்கொண்டார்.

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு சந்தில் தரைத்தளத்தில் அவர்கள் வீடு. ஒரே ஒரு ஹால். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். ஹாலில் பாதி யேசுதாஸின் கட்டில், கம்பி வைத்த ஆஸ்பத்திரிக் கட்டில். மீதிப் பாதியில் கம்ப்யூட்டர் மேசை. அந்த மேசையில்தான் வால்டர் 'வங்கக்கடல் ஏர்வேஸ்' என்கிற விர்ச்சுவல் ஏர்லைனில் பைலட்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்த ஏர்லைனுக்கு நிஜத்தில் ஒரு விமானமும் கிடையாது. ஆளாளுக்கு அவரவர் வீட்டிலிருந்து ஓட்டுகிறார்கள். ஆனால் வானிலை நிஜம், நேரம் நிஜம். நிஜத்தில் சென்னையிலிருந்து மதுரைக்கு எவ்வளவு நேரமோ, இங்கேயும் அவ்வளவு நேரம் பறந்தாகவேண்டும். டவரில் இருந்து பேசுகிற ஆள்கூட எங்கேயோ தன் வீட்டில் உட்கார்ந்திருக்கிற உண்மையான ஆள்தான். எடுத்த உடனே பெரிய விமானம் தரமாட்டார்கள். முதலில் விசிறி வைத்த சின்ன விமானம். அதற்குப் பிறகு ஜெட் வேண்டும் என்றால் அதற்கென்று தனியாக ரேட்டிங் வாங்கவேண்டும். அந்த ரேட்டிங்குக்கு ஒரு செக் உண்டு: தேர்வாளர் காதில் இருந்துகொண்டே பார்க்க, ஒரு நீளமான பயணம். நடுவில் நிறுத்திவைக்கக் கூடாது. உயரத்தில் பறக்கும்போது சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் எழுந்துபோகலாம். இறங்க ஆரம்பித்த பிறகு நாற்காலியை விட்டு எழுந்தால் ஃபெயில்.

வால்டருக்கு ஏர்பஸ் ரேட்டிங் வேண்டும். ஏனென்றால் ஏர்பஸ் இருந்தால்தான் சலாலா. சின்ன விமானம் அவ்வளவு தூரம் போகாது.

இந்த இடத்தில்தான் யேசுதாஸைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் துறைமுகத்தில் சிக்னல்மேனாக இருந்தவர். கப்பலின் மேல்தளத்தில், சரக்கறை வாயின் ஓரத்தில் நின்றுகொண்டு, உள்ளே பார்த்து, சரக்கைத் தூக்கும் வின்ச் எந்திரம் ஓட்டுகிறவருக்குக் குரல் கொடுப்பார். 'ஹாபீஸ்' என்றால் தூக்கு. 'ஆரியா' என்றால் இறக்கு. துறைமுகத்து ஆட்கள் காலங்காலமாகச் சொல்கிற வார்த்தைகள். வின்ச்காரருக்கு உள்ளே எதுவும் தெரியாது, இவர் குரல்தான் கண். பக்கவாதம் வந்து எல்லா வார்த்தையும் போன பிறகு அவரிடம் மிஞ்சியது ஒன்றே ஒன்று, ஆரியா. தண்ணீர் வேண்டுமா, ஆரியா. ஃபேன் போடவேண்டுமா, ஆரியா.

ஆரம்பத்தில் அவரைத் தூக்கவே முடியவில்லை. நனைந்த மூட்டை மாதிரி கனத்தார். ஜானட், வால்டரின் மனைவி, ஒருநாள் தனியாகத் தூக்கப்போய் இரண்டு பேருமே கீழே விழுந்தார்கள். பிறகு ஒருநாள் வால்டர் எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு "ஹாபீஸ்!" என்று கத்திவிட்டார். அவ்வளவுதான். யேசுதாஸின் இடதுகை தானாகக் கட்டில் கம்பியைப் பிடித்தது, இடதுகால் அழுத்தியது, உடம்பு பாதி எடையாகிவிட்டது! அன்றிலிருந்து அதுதான் வழக்கம். தூக்கும்போது மகன் ஹாபீஸ் சொல்வார். படுக்கவைக்கும்போது அப்பா "ஆரியா... ஆரியா..." என்று சொல்லச் சொல்ல மகன் இறக்குவார். கடைசி ஆரியா வரும்வரை கையை எடுக்கமாட்டார்.

"நீயும் சொல்லித் தூக்க வேண்டியதுதானே?" என்று அக்கம்பக்கத்தில் ஜானட்டைக் கேட்டிருக்கிறார்கள்.

"நான் சொன்னா மாமாவுக்கு சிரிப்பு வந்துடுது. சிரிச்சாருன்னா இன்னும் வெயிட்டாவுறாரு" என்பார் ஜானட்.

முதுகில் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யேசுதாஸைத் திருப்பிப் படுக்கவைக்கவேண்டும். வால்டர் வேலைக்குப் போகிற நேரத்தில் பகலில் ஒரு உதவி ஆள் வருவார், சாயங்காலம் போய்விடுவார். மற்ற நேரமெல்லாம் வால்டர்தான். கல்யாண வீடோ, ஞானஸ்நானமோ, தேவாலயத் திருவிழாவோ, எங்கே போனாலும் இரண்டு மணி நேரக் கயிறுதான். அதற்குள் திரும்பிவிடுவார். விமானமும் அப்படியே. சென்னையில் ஏறி தூத்துக்குடியில் இறங்கி, எழுந்து அப்பாவைத் திருப்பிவிட்டு, மறுபடி உட்கார்ந்து தூத்துக்குடியில் ஏறி சென்னையில் இறங்குவார்.

"ஊருல பிளேனெல்லாம் பெட்ரோல பாத்து பறக்கும். உன் பிளேனு மாமா முதுக பாத்துகினு பறக்குது" என்று ஜானட் கிண்டல் பண்ணுவார்.

சலாலா நாலு மணி நேரம்.

சலாலாவுக்கான முதல் செக்குக்கு ஜானட்டின் தம்பி நெல்சன் வந்து உட்கார்ந்தார். காசிமேட்டு விசைப்படகில் வேலை செய்கிறவர், தோளும் குரலும் நல்ல பலம். அவர் ஹாபீஸ் சொன்னால் சந்து முழுக்கக் கேட்கும், யேசுதாஸும் கேட்டுக்கொள்வார். அந்த தைரியத்தில் வால்டர் கிளம்பினார். தேர்வாளர் லுப்னா. பெரம்பூரில் இருந்துகொண்டு காலேஜில் படிக்கிற பெண், ஆனால் வங்கக்கடலில் பெரிய விமானங்களுக்கெல்லாம் அவர்தான் செக் கேப்டன். பயணம் முழுக்க வெண்ணெய் மாதிரி போனது. கடைசியில் ஓடுதளத்துக்கு மேலே வந்ததும் வால்டரின் கை பழைய வேலையைக் காட்டியது. தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது நிறுத்தி, ஆட்டம் அடங்கட்டும் என்று காத்திருந்தார்! விமானம் கிரேனில் தொங்குகிற பெட்டியா என்ன? அது பாட்டுக்கு மிதந்துகொண்டே போனது.

"அண்ணா! எங்கண்ணா போறீங்க? இறக்குங்கண்ணா! பாதி ரன்வே போச்சுண்ணா!"

சத்தமே இல்லாமல் இறங்கினார். ஆனால் ஓடுதளம் முடிகிற வேலிக்குப் பக்கத்தில்.

"ஃபெயில்ணா, சாரி. செக்ல ஃபெயிலானா இறங்கினதா கணக்கு இல்லண்ணா" என்றார் லுப்னா. "ஏர்பஸ்ஸ கெஞ்சக் கூடாதுண்ணா. லேசா ஒரு தட்டு தட்டி வைக்கணும்."

"பதினஞ்சு வருசமா தட்டாத, தட்டாதன்னு திட்டு வாங்கினவன் மா நானு. இப்ப தட்டுன்னா கை எங்க கேக்குது?"

அதற்கப்புறம் வாரக்கணக்கில் தூத்துக்குடியில் தட்டித் தட்டிப் பழகினார். பகலெல்லாம் யார்டில் தட்டாமல் வைப்பார், சாயங்காலம் வந்து தட்டி வைப்பார். ஒருநாள் யார்டில் தவறிப்போய் ஒரு பெட்டியைத் தட்டிவிட்டார். வாக்கியில் பழைய குரல் வந்தது: "இன்னா வால்டரு, மறுபடியும் குண்டா?" அன்றைக்குத்தான் கை பழகிவிட்டது என்று அவருக்குச் சந்தோஷமாம்!

இரண்டாவது செக், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நெல்சன் வருவதாகத்தான் இருந்தது. ஆனால் கடலுக்குப் போன படகில் இன்ஜின் கோளாறு, கரை திரும்பவில்லை. ஜானட் மருந்துக்கடையில் பில் போடுகிறார், ஞாயிறும் வேலை உண்டு. செக் நாள் குறித்துவிட்டால் அதற்காகவே சென்னை டவரிலும் சலாலா டவரிலும் ஆட்கள் வந்து காத்திருப்பார்கள், மாற்றினால் அதுவும் ஒரு ஃபெயில். பார்த்துக்கொள்ளலாம் என்று வால்டர் தனியாகவே உட்கார்ந்துவிட்டார்.

அரபிக்கடலுக்கு மேலே போனதும் லுப்னாவிடம் சொல்லிவிட்டு எழுந்தார். ஹாபீஸ். அப்பாவைத் தூக்கினார். வழக்கமாக அந்த முறை சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்கவைக்கவேண்டும். அன்றைக்கு அவருக்கு ஒரு ஆசை. "நைனா, சலாலா வரப்போவுது. நீயும் பாரு" என்று சொல்லி, ஸ்க்ரீன் பக்கமாக முகம் வருகிற மாதிரி படுக்கவைத்தார். ஸ்க்ரீனை மறைக்கிறது என்று அந்தப் பக்கத்துக் கம்பியையும் கீழே இறக்கிவிட்டார். "ஆரியா" என்றார் யேசுதாஸ். வால்டர் கையை எடுத்தார், போய் ஹெட்செட்டை மாட்டினார்.

உயிரில்லாத வலது கை அடியில், கட்டில் விளிம்பில். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. அது வால்டருக்கு அப்போது உறைக்கவில்லை.

விமானம் இறங்க ஆரம்பித்தது. ஸ்க்ரீனில் முதலில் கடற்கரை தெரிந்தது, பிறகு மலை, பிறகு அந்தத் துறைமுகம். வரிசையாகக் கிரேன்கள்! சின்னச் சின்னக் குச்சிகள் மாதிரி. அதில் எது தன்னுடைய கிரேனாக இருந்திருக்கும் என்று வால்டர் தேடினார். அதே நேரத்தில் கட்டிலில் யேசுதாஸும் கிரேன்களைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. நல்ல கையைத் தூக்கி ஸ்க்ரீனைக் காட்டினார். உடம்பு முன்னால் சரிந்தது.

"ஆரியா" என்று மெதுவாக ஒரு குரல். அடுத்தது கொஞ்சம் உரக்க. மூன்றாவது அலறல்.

வால்டர் திரும்பிப் பார்த்தபோது அப்பா பாதி கட்டிலிலும் பாதி காற்றிலும் இருந்தார். காதில் லுப்னா: "அண்ணா, சக்கரத்தை இறக்குங்க. அண்ணா? ஹைட் பாருங்கண்ணா!"

ஹெட்செட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். தலை தரையில் மோதுவதற்குள் பிடித்துவிட்டார். ஆனால் அப்படியே இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "ஹாபீஸ்" என்றார். அப்பாவின் இடதுகை கம்பியைத் தேடியது, தரையில் ஏது கம்பி? மறுபடி, "ஹாபீஸ் நைனா, ஹாபீஸ்!" கை வெறும் தரையைப் பிறாண்டியது. மேசையில் ஓட்டுவாரில்லாத விமானம் ஓடுதளத்தைத் தாண்டி மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. "புல் அப், புல் அப்" என்று கம்ப்யூட்டர் கத்த ஆரம்பித்தது. ஒரு பக்கம் அது கத்த, ஒரு பக்கம் இவர் ஹாபீஸ், ஹாபீஸ் என்று கத்த, அப்பாவின் முகம் கோணிக்கொண்டு அழுகை வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மேசைப் பக்கம் சத்தம் நின்றுபோனது. கழற்றிப் போட்ட ஹெட்செட்டில் மட்டும் கொசு மாதிரி ஒரு குரல்: "அண்ணா? அண்ணா, இருக்கீங்களா?"

இருந்தார். அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டில் காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, எழுந்துபோய் பதில் சொல்ல முடியாமல். கத்திக் கூப்பிட்டிருந்தால் எதிர்வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கும். ஸ்க்ரீனில் நொறுங்கிய விமானம் அப்படியே நிற்கும்போது யாரும் உள்ளே வருவதை அவர் விரும்பவில்லை.

ஜானட் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தார்.

"இன்னா, ரெண்டு பேரும் தரையில குந்திகினு கீறீங்க?"

"லேண்ட் ஆயிட்டோம்" என்றார் வால்டர்.

யேசுதாஸ் சிரித்துவிட்டார். ஜானட்டும் சிரித்துக்கொண்டேதான் பையை வைத்தார், பிறகு ஸ்க்ரீனைப் பார்த்தார், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் லுப்னா போன் பண்ணினார். விஷயம் கேட்டதும் அழுதுவிட்டாராம். "நான் பாஸ்னு போட்டுடறேண்ணா. யாருக்குண்ணா தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே மா. ஃபவாஸு இன்னும் ஏர்போர்ட்டுலயே நின்னுகினு கீறான். நான் எறங்கலியே."

விஷயம் தெரிந்து ஃபவாஸ் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். அங்கே மழைக்காலமாம். மலையெல்லாம் பச்சையாக இருக்கிறதாம், ரோட்டோரத்தில் நம்மூர் மாதிரியே இளநீர்க் கடையாம். "இன்னா மாமு, மலையில போயி மோதிட்டியாமே! என் ரூமு மலைக்கு இந்தாண்ட தான்டா கீது. அடுத்த தபா சொல்லிட்டு மோது, நான் எழுந்து ஓடணும்." வால்டர் அதை இதுவரை எத்தனை தடவை கேட்டிருப்பாரோ, ஜானட்டுக்கே மனப்பாடம்.

மூன்றாவது செக்தான் கடைசி. அதிலும் தவறினால் ஒரு வருடத்துக்கு ஏர்பஸ்ஸைத் தொட முடியாது, மறுபடி தூத்துக்குடிதான். வருகிற ஞாயிறு மதியத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. நெல்சன் கடலில் இருக்கிறார், திங்கட்கிழமைக்கு முன்னால் வரமாட்டார்.

"அக்கம்பக்கத்துல கேட்டா வரமாட்டாங்களாண்ணே?" என்று நான் கேட்டதற்கு வால்டர் கட்டில் பக்கம் பார்த்தார். பிடரியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒடம்புக்கு முடியலன்னா ஓடியாருவாங்க பா. நாலு வருசமா எத்தினியோ தபா வந்துகீறாங்க. ஆஸ்பத்திரின்னா கேக்கலாம். சாவுன்னா கேக்கலாம். கேம் ஆடணும், நாலு மணி நேரம் வந்து எங்கப்பன பாத்துக்கோன்னு எந்த மூஞ்ச வெச்சுகினு கேக்குறது?"

அப்போது கட்டிலில் இருந்து "ஆரியா" என்றார் யேசுதாஸ். திருப்பிப் படுக்கவைக்கிற நேரம். வால்டர் எழுந்தார். நாள் முழுக்கக் கூண்டில் குனிந்திருந்த கழுத்தோடு, அழுக்கு யூனிஃபார்மோடு, அப்பாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தார். ஹாபீஸ். பிறகு, ஆரியா... ஆரியா... அந்தக் கடைசி ஒரு சாணில் அவர் கை எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

சந்து முனைவரைக்கும் ஜானட் கூடவே வந்தார். "அவரு கேக்கமாட்டாரு. நான் கேக்குறேன், நீ எழுது பா" என்றார். அதனால்தான் இது.

வருகிற ஞாயிறு, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, பலமான தோள் உள்ள ஒருவர் போகவேண்டும். இரண்டு பேர் என்றால் இன்னும் நல்லது. கல்மண்டபத்தில் இறங்கி 'கிரேன் வால்டர் வூடு' என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். நடுவில் ஒருமுறை, முடிவதற்குள் இன்னொருமுறை, யேசுதாஸைத் திருப்பிப் படுக்கவைக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. தூக்கும்போது கூச்சப்படாமல் சத்தமாக ஹாபீஸ் சொல்லுங்கள், மெதுவாகச் சொன்னால் சிரித்துவிடுவார். இறக்கும்போது அவருடைய கடைசி ஆரியா வரும்வரை கையை எடுக்காதீர்கள். ஸ்க்ரீன் தெரிகிற மாதிரி படுக்கவையுங்கள், ஆனால் கம்பியை ஏற்றிவிட்டு, ஒரு ஆள் பக்கத்திலேயே நில்லுங்கள்.

வர முடியாதவர்கள் தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ பெரம்பூரிலோ நல்ல தோளும் உரத்த குரலும் உள்ள யாருக்காவது இதை அனுப்பிவிடுங்கள், இன்றைக்கே. போகிறவர்கள் கதவைத் தட்டவேண்டாம், திறந்தேதான் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கட்டில் பக்கம் நின்றுகொள்ளுங்கள். கேப்டன் ஹெட்செட் மாட்டியிருப்பார்.